15 மி.மீ. ஊர்மக்களைப் பெங்களூரில் தேடுவது எப்படி

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: அல்சூரில் நண்பர்கள் நால்வர் கூடி ஞாயிறுதோறும் மேசையில் சிறு உருவங்களைப் படையாக நகர்த்தும் மினியேச்சர் விளையாட்டு ஆடுகிறீர்கள், 15 மி.மீ. அளவுப் படைவீரர்கள் வேண்டிய அளவு சேர்ந்துவிட்டார்கள். அடுத்ததாக, வெள்ளம் புகுந்த நகரத் தெருவிலிருந்து மக்களை மீட்கும் ஆட்டம் ஒன்றை அமைக்க எண்ணுகிறீர்கள். அதற்கு ஐம்பது, அறுபது பொதுமக்கள் உருவங்கள் வேண்டும், அவர்களைப் பார்த்தால் நம் ஊர் மனிதர்களாகத் தெரிய வேண்டும், எங்கே கிடைக்கும் என்பது உங்கள் கேள்வி. சேலையும் வேட்டியும் கட்டிய 15 மி.மீ. உருவங்களை ஆயத்தமாக இந்த ஊர்க் கடைகளில் நான் பார்த்ததில்லை. ஆனால் ஆட்கள் கிடைக்கிறார்கள், நீங்கள் நினைப்பதைவிட மலிவாகவே கிடைக்கிறார்கள். உடையை மட்டும் நாம்தான் உடுத்த வேண்டும். இரண்டையும் முறையாகச் சொல்கிறேன்.

முதலில் அளவு. விளையாட்டுக்காரர்கள் மில்லிமீட்டரில் பேசுகிறோம்; கட்டட மாதிரி செய்பவர்களும் ரயில் மாதிரி செய்பவர்களும் விகிதத்தில் பேசுகிறார்கள். நமக்கு வேண்டிய உருவங்கள் பெரும்பாலும் அந்த இரு துறையினரிடம்தான் இருக்கின்றன என்பதால், இந்தக் கணக்கு கையில் இல்லாமல் கடைக்குப் போனால் வெறுங்கையோடு திரும்ப வேண்டியிருக்கும். 170 செ.மீ. உயரமுள்ள ஒருவர் 1:100 விகிதத்தில் 17 மி.மீ., 1:120-இல் 14 மி.மீ., 1:160-இல் 10.6 மி.மீ., 1:200-இல் 8.5 மி.மீ., 1:285-இல் ஏறத்தாழ 6 மி.மீ. நிற்பார். '15 மி.மீ.' என்று விற்கப்படும் படைவீரர்களைப் பாதத்திலிருந்து கண் வரை அளப்பது பழைய வழக்கம். அதனால் உச்சந்தலை வரை அளந்தால் அவர்கள் 16, 17 மி.மீ. இருப்பார்கள், சில நிறுவனத்தாரின் உருவங்கள் 18-ஐயும் தொடும். ஆகவே உங்கள் படைவீரன் ஒருவனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய், கடையில் பக்கத்தில் நிறுத்திப் பார்ப்பதே நம்பகமான வழி. அட்டையில் அச்சிட்ட எண்ணை நம்பி வாங்க வேண்டாம்.

உங்கள் தேவைக்கு நான் முதலில் காட்டும் இடம் கட்டடக் கலை மாணவர்கள் மாதிரிப் பொருட்கள் வாங்கும் கடைகள். அவென்யூ ரோட்டிலும் அதை ஒட்டிய சந்துகளிலும் ஃபோம் போர்டு, பால்சா மரம், செயற்கைப் புல்தாள் விற்கும் எழுதுபொருள் கடைகளில், 'ஸ்கேல் ஃபிகர்' என்று கேட்டால் ஒரு பெட்டியை எடுத்து வைப்பார்கள். இணையக் கடைகளிலும் 'ஆர்கிடெக்சர் மாடல் பீப்புள்' என்று தேடினால் வரும். சீனாவிலிருந்து வரும் பிளாஸ்டிக் உருவங்கள் அவை. 1:50, 1:75, 1:100, 1:150, 1:200 ஆகிய அளவுகளில், பெரும்பாலும் நூறு உருவங்கள் கொண்ட உறைகளாக வருகின்றன. நீங்கள் வாங்க வேண்டியது 1:100, அதோடு சிறிய உறை ஒன்று 1:150. எதற்கு இரண்டு என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

இவற்றின் குறைகளையும் முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது. ஓர் உருவத்தை ஊசிமுனையில் குத்தி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: தலை முதல் கால் வரை பக்கவாட்டில் அச்சு மூட்டின் கோடு ஓடும், முகத்தில் மூக்கு ஒரு மேடாக இருக்கும், மற்றபடி கண்ணும் வாயும் இராது, சட்டைக்கு ஒரு நிறம், கால்சட்டைக்கு ஒரு நிறம் என்று கண்ணைப் பறிக்கும் வண்ணம் அவசரமாகத் தடவப்பட்டிருக்கும், பல சமயம் அது கழுத்துவரை வழிந்திருக்கும். ஒரு உறையில் எட்டோ பத்தோ நிலைகள்தான் திரும்பத் திரும்ப வரும். எல்லாவற்றையும்விட முக்கியமான குறை, இவர்கள் ஒடிசலானவர்கள். விளையாட்டு உருவங்களைச் செய்பவர்கள் கைகால்களையும் தலையையும் வேண்டுமென்றே பருமனாக வடிப்பார்கள். கட்டட மாதிரி உருவங்களோ உண்மையான விகிதத்தில், சில சமயம் அதனினும் மெலிந்து இருக்கும். அவற்றைப் படைவீரர்களுக்குப் பக்கத்தில் அப்படியே நிறுத்தினால் நோயாளிகள்போலத் தெரிவார்கள். ஆனால் நாம் இவர்களுக்குக் காகிதத்தில் சேலையும் எம்-சீல் என்னும் இறுகும் ஒட்டுமாவில் முண்டாசும் உடுத்தப் போகிறோம். அந்த உடையின் கனம் இந்த மெலிவைத் தானாகவே ஈடுகட்டிவிடும். நம் வேலைக்கு மெலிந்த உருவம் குறையே இல்லை என்று அனுபவத்தில் உறுதியாகச் சொல்வேன்.

ரயில் மாதிரி உலகம் தரத்தில் பல படி மேலே, விலையிலும் அப்படியே. 1949-இல் தொடங்கிய ஜெர்மானிய நிறுவனமான பிரைசர் சாதாரண மனிதர்களை வடிப்பதையே தொழிலாகக் கொண்டது. பயணிகள், சுமைதூக்குவோர், அமர்ந்திருக்கும் முதியோர், கன்னியாஸ்திரிகள் என்று அந்தப் பட்டியல் நீளும். வண்ணம் பூசாத தொகுப்புகளாக வாங்கினால் ஓர் உருவத்துக்கான விலை கணிசமாகக் குறையும். இங்கே கவனிக்க வேண்டியது விகிதம். ரயில் மாதிரிகளில் மிகப் பரவலான எச்.ஓ. என்பது 1:87, அதில் ஒருவர் 19.5 மி.மீ. உயரம் வருவார், உங்கள் 15 மி.மீ. வீரர்களைவிடத் தலை உயர்ந்து நிற்பார். டி.டி. எனப்படும் 1:120-இல் 14 மி.மீ.; 1:100 ஆட்களோடு கலந்தால் இவர்கள் சற்றுக் குள்ளமான பெரியவர்களாகவும் பதின்வயதினராகவும் இயல்பாகப் பொருந்துவார்கள், ஏனெனில் எந்தத் தெருவிலும் எல்லோரும் ஒரே உயரத்தில் இருப்பதில்லை. 'N' எனப்படும் 1:160 அளவை 10 மி.மீ. விளையாட்டுக்கும், 'Z' எனப்படும் 1:220 அளவை 8 மி.மீ. விளையாட்டுக்கும் ஒதுக்கிவிடுங்கள். 20 மி.மீ.-இல் ஆடும் நண்பர்கள் இருந்தால், பிரிட்டனின் டேப்போல் விற்கும் பழைய ஏர்ஃபிக்ஸ் அச்சிலான நடைமேடைப் பயணிகள், தொழிலாளர்கள் தொகுப்புகளை அவர்களுக்குச் சொல்லுங்கள். மலிவானவை, கெட்டியான பிளாஸ்டிக் என்பதால் வெட்டவும் ஒட்டவும் எளிது.

விளையாட்டுக்கென்றே வார்க்கப்படும் உலோக உருவங்களில் பொதுமக்கள் இல்லாமல் இல்லை. 15 மி.மீ.-இல் பிரிட்டனின் பீட்டர் பிக், கிரவுண்ட் ஜீரோ கேம்ஸ், அமெரிக்காவின் ரெபெல் மினிஸ், 10 மி.மீ.-இல் பென்ட்ராக்கன், 6 மி.மீ.-இல் பேக்கஸ், பல அளவுகளில் இர்ரெகுலர் மினியேச்சர்ஸ் ஆகியோரின் பட்டியல்களைப் பார்க்கலாம். தேடும்போது 'சிவிலியன்' என்ற ஒரு சொல்லோடு நின்றுவிட்டால் பாதிதான் கிடைக்கும். 'டவுன்ஸ்ஃபோக்', 'வில்லேஜர்', 'பெசன்ட்', 'ரெஃப்யூஜி', 'மாப்', பழங்காலப் படைகளின் கீழ் 'கேம்ப் ஃபாலோயர்' ஆகிய பெயர்களிலும் அவர்கள் ஒளிந்திருப்பார்கள்.

வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதில் சுங்கம் ஒரு பெரிய விஷயம். பொம்மைகளுக்கான அடிப்படைச் சுங்கவரி 2020-இல் 20 விழுக்காட்டிலிருந்து 60-ஆகவும், 2023-இல் 70-ஆகவும் உயர்ந்தது. தவிர, 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் விளையாடுவதற்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) தரச்சான்று கட்டாயம். சிறிய உலோக உருவங்கள் அடங்கிய உறையின்மேல் அனுப்புபவர் 'டாய்' என்று ஒரே சொல்லை எழுதி அனுப்பினால் அது தேங்கி நிற்பதற்கு அதுவே போதும். பொருள் என்ன, எதற்கு, யாருக்கு என்பதை உண்மையாகவும் விரிவாகவும் எழுதச் சொல்லுங்கள்: வண்ணம் பூசாத உலோக மாதிரி உருவங்கள், பெரியவர்களின் பொழுதுபோக்குக்கானவை, சிறுவர் பொம்மை அல்ல. 'கிஃப்ட்' என்று எழுதச் சொல்லும் பழைய உபாயம் இப்போது உதவாது, உங்களையே சிக்கலில் மாட்டும். 2019 டிசம்பர் முதல் ராக்கி, உயிர்காக்கும் மருந்து தவிர, பரிசு என்று சொல்லி வரி கட்டாமல் பொருட்களை வரவழைப்பதற்குத் தடை வந்துவிட்டது. நால்வரும் சேர்ந்து ஒரே முறை வரவழைத்தால் அஞ்சல் செலவு பகிரப்படும். உலோக உருவங்களில் ஈயம் கலந்திருக்கலாம் என்பதால் வெட்டி அராவிய பிறகு கையை நன்றாகக் கழுவுங்கள், வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால் பெட்டியை உயரத்தில் வையுங்கள்.

முப்பரிமாண அச்சைப் பற்றியும் கேட்பீர்கள் என்பதால் இதையும் சேர்த்துவிடுகிறேன். பெங்களூரில் இந்த வேலையைச் செய்து தருபவர்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் இழையை உருக்கி அடுக்கும் இயந்திரம் 15 மி.மீ. மனிதனுக்குச் சரிவராது, இயந்திரத்தின் 0.4 மி.மீ. துளை முனையிலிருந்து வரும் இழையில் முகமும் விரலும் கரைந்துவிடும். திரவத்தை ஒளியால் இறுகவைக்கும் ரெசின் அச்சு வேண்டும், அடுக்கின் தடிமன் 0.05 மி.மீ. அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். ஒருமுறை 28 மி.மீ.-க்காக வடிவமைக்கப்பட்ட சந்தை மக்கள் கோப்பு ஒன்றை 54 விழுக்காட்டுக்குச் சுருக்கி அச்சிடக் கொடுத்தேன். வந்த பெட்டியைத் திறந்தபோது கிழவரின் கைத்தடி மூன்று துண்டாகக் கிடந்தது, கூடைக்காரிகளில் பாதிப் பேருக்குக் கை இல்லை, மேற்பரப்பு விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது. பிசுபிசுப்புக்குக் காரணம், ஆல்கஹாலில் சரியாகக் கழுவாமலும் புற ஊதா ஒளியில் போதிய நேரம் வைக்காமலும் அனுப்பியது. உடைந்ததற்குக் காரணம் நான்தான்: 1 மி.மீ. தடியாக இருந்த கோல் 54 விழுக்காட்டில் அரை மி.மீ.-தானே ஆகும். சுருக்குவதற்கு முன் தடி, விரல், மணிக்கட்டு, கணுக்கால் ஆகியவற்றைக் கோப்பிலேயே பருமனாக்க வேண்டும். முடியாதென்றால், கைகள் உடலோடு ஒட்டியிருக்கும் உருவங்களை மட்டும் தேர்ந்தெடுங்கள். கோப்பை வடிவமைத்தவர் அச்சிட அனுமதி தந்திருக்கிறாரா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி உடை. இந்த வேலையில் எனக்கு மிகப் பிரியமான பகுதி இதுதான்; உங்கள் ஆட்டம் அல்சூரிலோ சிவாஜிநகரிலோ நடப்பதாக ஒருவரை நம்பவைப்பதும் இதுதான். கால்களை அகட்டி நடக்காத, நேராக நிற்கும் அல்லது சிற்றடி வைக்கும் பெண் உருவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முகம் துடைக்கும் டிஷ்யூ காகிதத்தின் ஒரே ஓர் அடுக்கைப் பிரித்தெடுங்கள். அதிலிருந்து இரண்டு துண்டுகள்: 10 மி.மீ. உயரமும் 16 மி.மீ. நீளமும் கொண்டது இடுப்புக்குக் கீழே சுற்றுவதற்கு, 4 மி.மீ. அகலமும் 20 மி.மீ. நீளமும் கொண்டது முந்தானைக்கு. ஃபெவிகாலில் சம அளவு தண்ணீர் கலந்து, முதல் துண்டை இடுப்பைச் சுற்றி ஒட்டி, ஈரம் காய்வதற்குள் ஊசியால் முன்பக்கம் நாலைந்து கோடுகள் கீறுங்கள்; அவையே கொசுவம். இரண்டாவது துண்டை வலது இடுப்பில் தொடங்கி மார்புக்குக் குறுக்கே ஏற்றி இடது தோளுக்குப் பின்னால் தொங்கவிடுங்கள். தோள் மாறிப்போனால் எங்கே தவறு என்று சொல்லத் தெரியாதவருக்கும் ஏதோ உறுத்தும், ஆகவே இடத்தோள் என்பதை நினைவில் வையுங்கள். தண்ணீர் தேங்கிய தெரு என்பதால் சிலருக்குக் கொசுவத்தைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிச் செருகியதுபோல் வையுங்கள். முந்தானையைத் தலையில் போட்ட ஒருத்தி, மழை பெய்வதை யாரும் சொல்லாமலே உணர்த்திவிடுவாள். ஓரிரவு காயவிட்டால் காகிதம் ஓடுபோல் இறுகிவிடும்.

ஆண்களுக்கு நான் கண்டுபிடித்த குறுக்குவழி ஒன்று உண்டு. முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிய லுங்கியின் உருவரை, ஸ்காட்லாந்து வீரர்கள் அணியும் பாவாடையின் உருவரையோடு அப்படியே ஒத்துப்போகிறது. 15 மி.மீ.-இல் அந்த வீரர்கள் தாராளமாகக் கிடைக்கிறார்கள், உங்கள் நண்பர்களிடமே உதிரியாகச் சிலர் இருக்கலாம். மென்மையான உலோகம் என்பதால் துப்பாக்கியையும் முதுகுப் பையையும் கத்தியால் சீவி எடுத்து, தொப்பியை அராவி, எம்-சீலில் மெல்லிய திரி உருட்டித் தலையைச் சுற்றினால் முண்டாசு. எம்-சீலைக் கலந்ததும் சிறிது நேரத்துக்குள் வேலையை முடிக்க வேண்டும், ஊசியைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டால் ஒட்டாது. அதே மாவில் ஓர் உருண்டை தலைச்சுமையாகும். தழைய விட்ட வேட்டிக்கு, சேலைக்கு வெட்டிய முதல் துண்டே போதும், கொசுவம் மட்டும் குறைவாக. ரயில் தொகுப்புகளில் வரும் கன்னியாஸ்திரிகளுக்குக் கருப்பு வண்ணம் பூசினால் புர்க்கா அணிந்த பெண்கள். சிவாஜிநகர்த் தெரு அவர்கள் இல்லாமல் முழுமை பெறாது.

வண்ணத்தில் பெரிதாகச் செலவழிக்க வேண்டியதில்லை, கேமல் அக்ரிலிக் போதும். பழைய வண்ணத்தின்மேல் முதலில் அடர் பழுப்பு அடிப்பூச்சு கொடுத்து, முகத்திலும் கையிலும் இளம் பழுப்பை மேடான இடங்களில் மட்டும் தொட்டு வையுங்கள். மூக்கும் கன்னமும் எழுந்து நிற்கும், கண் வரைய முயல வேண்டாம். மேசையிலிருந்து ஒரு கை தூரத்தில் நிற்பவருக்குத் தெரிவது உடலுக்கும் கரைக்கும் உள்ள நிற வேறுபாடுதான். மாம்பழ மஞ்சளுக்கு அரக்குக் கரை, கிளிப்பச்சைக்குக் கத்தரிப்பூ நிறக் கரை, மயில்கழுத்து நிறத்துக்குச் சிவப்பு என்று நம் வீட்டு அலமாரியில் இருப்பதையே பாருங்கள். கரை அரை மி.மீ. அகலத்துக்கு மேல் போகக் கூடாது. கொண்டையில் வெள்ளையை மூன்று புள்ளியாக வைத்தால் மல்லிகைச் சரம். இதுவரை நான் பூசிய எந்த நுணுக்கத்தையும்விட இந்த மூன்று புள்ளிகளைத்தான் பார்ப்பவர்கள் முதலில் அடையாளம் கண்டிருக்கிறார்கள். காக்கிச் சட்டை ஒன்று போதும், அவர் ஆட்டோ ஓட்டுநர் ஆகிவிடுவார்.

1:150 உறை எதற்கு என்றால், குழந்தைகளுக்கு. அந்த அளவில் பெரியவர் ஒருவர் 11 மி.மீ. உயரம்; 1:100 உலகத்தில் அது 110 செ.மீ., அதாவது ஐந்தாறு வயதுப் பிள்ளை. குழந்தையின் தலை உடலோடு ஒப்பிட்டால் பெரிது என்பதால், அப்படியே விட்டால் குறுகிய பெரியவராகத் தெரியும். தலைமுடியின்மேல் எம்-சீல் மாவைச் சிறிது வைத்துத் தலையைப் பெருக்கினால் சரியாகிவிடும். அறுபது பேரில் பன்னிரண்டு பேராவது குழந்தைகளாகவும், எட்டுப் பத்துப் பேர் உட்கார்ந்திருப்பவர்களாகவும் இருக்கட்டும். மீட்பு ஆட்டத்தில் ஓட முடியாதவர்கள்தான் ஆட்டத்தின் உயிர். எல்லோரும் திடகாத்திரமாக நின்றுகொண்டிருந்தால் உங்கள் மீட்புப் படகுக்கு வேலையே இல்லை.

நவராத்திரிக்கு முன்பு மல்லேஸ்வரத்திலும் காந்தி பஜாரிலும் கொலு பொம்மைகள் குவியும்போது சந்தை, கல்யாண ஊர்வலம் போன்ற தொகுப்புகளைப் பார்த்து ஆசை வரும். அந்த பொம்மைகள் நம் அளவுக்கு மிகப் பெரியவை. இரண்டு அங்குல பொம்மை நம் தெருவில் ஐந்து மீட்டர் பூதம். சொப்புச் சாமானும் அப்படியே, 2 செ.மீ. குடம் 2 மீட்டர் தொட்டியாகிவிடும். ஆனால் யார் எப்படி நிற்கிறார்கள், பூக்காரி எப்படிக் கூடையை முழங்காலுக்கு இடையில் வைத்துக்கொள்கிறாள், தவில்காரர் எந்தப் பக்கம் சாய்கிறார் என்பதைக் கற்க அதைவிட நல்ல பாடம் இல்லை, படமெடுத்துக்கொண்டு வாருங்கள். காய்கறிக் கூடைகளுக்கு வேண்டியது உங்கள் சமையலறையிலேயே இருக்கிறது. கசகசா ஏறத்தாழ 1 மி.மீ., நம் உலகில் அது 10 செ.மீ., சிவப்புப் பூசினால் கொழுத்த தக்காளி. ராகி தேங்காயாகும், பெரிய கடுகு பூசணியாகும். மேலே நீர்த்த ஃபெவிகால் ஒரு பூச்சுக் கொடுத்துவிட்டால் பூச்சி வராது.

அடித்தட்டுக்கு, தையல் பொருள் கடையில் கிடைக்கும் சட்டைப் பொத்தானைப் பரிந்துரைக்கிறேன். 11 மி.மீ. விட்டம், கனம் போதுமானது, துளைகளை எம்-சீலால் அடைத்து அதன்மேல் உருவத்தை ஊன்றலாம். எல்லோரையும் தனித்தனியாக ஊன்ற வேண்டாம். முப்பது பேரைத் தனியாகவும், மற்றவர்களை மூவர் நால்வராக 25 மி.மீ. வட்டங்களிலும் வைத்தால் கூட்டத்தை நகர்த்துவது எளிதாகும், குடும்பமாகத் தெரியவும் செய்யும்.

கடைசியாக வார்னிஷ். பளபளப்பில்லாத மேட் வார்னிஷ் ஸ்ப்ரேயை ஜூலை, ஆகஸ்டு மழைநாளில் அடிக்க வேண்டாம். காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் பூச்சு வெண்புகைபோல் படிந்து, பாடுபட்டுப் பூசிய அரக்கையும் மயில்கழுத்தையும் மூடிவிடும். அவசரமென்றால் தண்ணீரில் கரையும் வார்னிஷைத் தூரிகையால் மெல்லப் பூசுங்கள். இல்லையென்றால் வெயில் அடிக்கும் ஒரு நாளின் பிற்பகல் வரை காத்திருந்து, முதலில் இரண்டே உருவங்களில் அடித்துப் பார்த்துவிட்டு மற்றவற்றைத் தொடுங்கள்.